எடர்னல் டார்க்னஸ்: நின்டெண்டோ வெளியிட்டும் யாரும் கண்டுக்காத அந்த பேய்க் கேம்

நீங்க கேட்டது: ரெசிடென்ட் ஈவில், சைலன்ட் ஹில் எல்லாம் முடிச்சாச்சு, கதவுக்குப் பின்னாடி இருந்து பாஞ்சு வந்து கத்துற ரகம் அலுத்துப்போச்சு, பெரியவங்க ஆடற மாதிரி இருட்டான ஒரு ஹாரர் அட்வென்ச்சர், அதிகம் பேர் தொடாததா ஒண்ணு சொல்லுங்க. யோசிக்கவே வேண்டாம், எடர்னல் டார்க்னஸ். முழுப்பேர் எடர்னல் டார்க்னஸ்: சானிட்டீஸ் ரெக்வியம். 2002ல நின்டெண்டோவோட கேம்க்யூப்ங்கிற கேம் பெட்டியில மட்டும் வந்தது. பண்ணது சிலிக்கான் நைட்ஸ்னு ஒரு கனடா கம்பெனி, வெளியிட்டது நின்டெண்டோ. ஆமா, மாரியோ விக்கிற அதே நின்டெண்டோதான். அவங்க தன் பேர் போட்டு வெளியிட்ட முதல் 'எம்' ரேட்டிங் கேம் இதுதான், அதாவது 17 வயசுக்கு மேல.

இதைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்வாங்க, "டிவியை ஆஃப் பண்ற மாதிரி ஏமாத்துமே, அந்தக் கேம்தானே?" அதேதான். ஆனா அது வெறும் டிரெய்லர் மாதிரி, படம் வேற. ரெண்டையும் சொல்றேன். கொஞ்சம் கதை வெளிய வரும், கடைசிக் கட்டத்தை மட்டும் தொடமாட்டேன்.

முதல்ல அந்த ஏமாத்து வேலை. திரையில மூணு மீட்டர் இருக்கும், சிவப்பு உங்க உயிர், நீலம் மந்திர சக்தி, பச்சை புத்தி. கேம்ல அதுக்குப் பேர் சானிட்டி. ஏதாவது ஒரு ஜந்து உங்களைப் பார்த்துட்டாலே பச்சை இறங்கும். அடிச்சுக் கீழ தள்ளிட்டு கடைசியா ஒரு குத்து குத்தி முடிச்சா கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். இறங்க இறங்க கேமரா லேசா சாய ஆரம்பிக்கும், யாரோ அழற சத்தம், யாரோ கதவைத் தட்ற சத்தம், சுவத்துல ரத்தம் வழியும், அலமாரி மேல இருக்கிற சிலையோட தலை நீங்க போற பக்கமெல்லாம் திரும்பும். இது வரைக்கும் மத்த கேம்லயும் பார்த்திருப்பீங்க. இன்னும் இறங்கினா கேம் கதைக்குள்ள இருக்கிற ஆளை விட்டுட்டு சோபாவுல உக்காந்திருக்கிற உங்க மேல கை வைக்க ஆரம்பிக்கும்.

நான் இதை ஆடினது வந்து ஏழெட்டு வருஷம் கழிச்சுத்தான். மாமா பையன் சிங்கப்பூர்ல இருந்து வரும்போது ஒரு பழைய நின்டெண்டோ வீ (கேம்க்யூப்புக்கு அடுத்து வந்த பெட்டி, கேம்க்யூப் டிஸ்க்கும் ஓடும்) தூக்கிட்டு வந்தான், கூட ரெண்டு கேம்க்யூப் டிஸ்க், அதுல ஒண்ணு இது. வீட்ல அப்ப இன்னும் டப்பா டிவிதான். ராத்திரி ஒரு மணி இருக்கும், எல்லாரும் தூங்கியாச்சு, நான் ஆடறேன் அவன் பக்கத்துல படுத்துக்கிட்டு பாக்கறான். திடீர்னு திரையில பச்சைக் கலர்ல வால்யூம் பார் வந்து சரசரன்னு குறையுது, சத்தமே போயிடுச்சு. "டேய் ரிமோட் மேல படுத்திருக்கியா, எழுந்திரு"ன்னு அவனைக் காலால எத்தறேன். அவன் எழுந்து பாயைத் தூக்கிப் பார்த்து, தலகாணியைத் தூக்கிப் பார்த்து, அப்புறம் டிவி மேல கையைக் காட்டறான். ரிமோட் அங்க இருக்கு. அதுக்குள்ள இங்க என் ஆளை ரெண்டு ஸோம்பி கடிச்சாச்சு.

இந்த மாதிரி நிறைய இருக்கு. ஒரு ரூமுக்குள்ள நுழையறீங்க, நாலு பக்கமும் ஜந்துங்க வருது, சரியா அந்த நேரம் பார்த்து கண்ட்ரோலர் கழண்டிருக்குன்னு திரையில வரும், பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் ஆள் அசையமாட்டான், அடி வாங்கிட்டே நிப்பான். நீங்க ஒயரைப் புடிச்சு ஆட்டிக்கிட்டு இருப்பீங்க. அப்புறம் வெள்ளையா ஒரு மின்னல், ஆள் "இது நிஜம் இல்ல"ன்னு அலறும், பார்த்தா ரூம் வாசல்ல பத்திரமா நிக்கும். இன்னொரு தடவை ஆள் நடக்கும்போதே தலை கழண்டு கீழ விழும். இன்னொரு தடவை ரூமே தலைகீழா இருக்கும், நீங்க கூரையில நடப்பீங்க. டிவி திரை மேல பூச்சி ஊறும். ஆட்டம் பாதியில நின்னு, மீதிக் கதை அடுத்த கேம்ல வருதுன்னு விளம்பரம் ஓடும், அப்படி ஒரு கேம் வரவே இல்ல. நின்டெண்டோ இந்த சானிட்டி சிஸ்டத்துக்கு அமெரிக்காவுல பேட்டன்ட்டே வாங்கி வெச்சிருந்தாங்க, 2005ல கிடைச்சது.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இந்தத் தந்திரத்துல பாதி 2002 வீட்டு டிவியை மனசுல வெச்சுப் பண்ணது. அந்தப் பச்சை வால்யூம் பார், இன்புட் மாறின மாதிரி வர்ற எழுத்து, இதெல்லாம் இன்னைக்கு 55 இஞ்ச் ஸ்மார்ட் டிவியில பார்த்தா உடனே பிடிபட்டுடும். இதுக்காக மட்டும் ஆடணும்னா இன்னைக்கு பாதி பயம்தான். எங்கயாவது பழைய டப்பா டிவி கிடைச்சா விடாதீங்க.

சரி, படத்துக்கு வருவோம். கதை 2000ஆம் வருஷம் ஆரம்பிக்குது. அலெக்ஸ் ரோய்வாஸ்னு ஒரு காலேஜ் பொண்ணு, ராத்திரி 3:33க்கு போன் வருது, ரோட் ஐலண்ட்ல இருக்கிற தாத்தா வீட்டுக்கு வரச்சொல்லி. போனா, தாத்தா உடம்பு கிடக்கு, தலை இல்ல. கையில இருக்கிற மோதிரத்தை வெச்சுத்தான் அடையாளம் சொல்றா. போலீஸ் வாரக்கணக்கா ஒண்ணும் கிழிக்கல, இவளே வீட்டைக் குடையறா. கூடத்துல ஒரு பெரிய நிக்கிற கடிகாரம் இருக்கும், அதை எத்தனை மணிக்குத் திருப்பணும்னு உங்களுக்கே இப்ப தெரிஞ்சிருக்கும். திறந்தா ரகசிய அறை, அதுல மனுஷத் தோல்லயும் எலும்புலயும் கட்டின ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்துல அவ ஒவ்வொரு அத்தியாயமா படிக்கப் படிக்க நீங்க அந்த அத்தியாயத்தோட ஆளா மாறி ஆடறீங்க. மொத்தம் பன்னண்டு பேர், கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம்.

முதல் ஆள் பயஸ்னு ஒரு ரோமானிய செஞ்சூரியன் (படைத்தலைவன்), கி.மு. 26, பாரசீகப் பாலைவனத்துக்கு அடியில புதைஞ்ச ஒரு நகரத்துக் கோயில்ல மாட்டிக்கறான், அங்க இருக்கிற ஒரு பொருளைத் தொட்டு அதுக்கு அடிமையாகிப் பிணமாவே அலைய ஆரம்பிக்கறான். கதையோட வில்லன் அவன்தான், நீங்களே அவன் கையைப் புடிச்சு அந்தப் பொருளை எடுக்க வெச்சிருப்பீங்க. இந்த ஒரு விஷயத்துக்கே டைரக்டர் டெனிஸ் டயாக்குக்கும் அவர் டீமுக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

ஆனா இந்தக் கேம் எனக்குள்ள தங்கினது ஆளுங்களால இல்ல, இடத்தால. பன்னண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் நாலு இடம்தான். பாலைவனத்துக்கு அடியில இருக்கிற அந்த நகரம், கம்போடியாவுல ஒரு கோயில், பிரான்ஸ்ல ஆமியான் ஊர்ல ஒரு சர்ச், அப்புறம் அலெக்ஸ் தாத்தா வீடு. அதே இடத்துக்கு நூத்தாண்டு விட்டு நூத்தாண்டு வேற வேற ஆளா திரும்பத் திரும்ப வருவீங்க. கம்பெனிக்கு இது செலவு மிச்சம்தான், ஒரே மேப்பை மூணு தடவை ஓட்டலாம். ஆனா அந்தச் சிக்கனத்துலதான் கேமோட உயிரே இருக்கு.

ஆமியானை எடுத்துக்கோங்க. முதல்ல 814ல வர்றீங்க, ஷார்லமேன் பேரரசருக்குச் சேதி கொண்டு போற ஆந்தணின்னு ஒரு சின்னப் பையனா. அந்த ஓலையில சூனியம், பேரரசருக்கு வெச்சது, இவன் ஆர்வத்துல பிரிச்சுப் பார்த்துட்டான். அந்த அத்தியாயம் முழுக்க அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமா அழுகிட்டே வரும், நீங்க ஓட ஓட முகம் மாறிக்கிட்டே இருக்கும், அவனுக்குத் தன் ராஜாவை எச்சரிக்கணும்கிறது மட்டும்தான் கவலை. (நிஜ ஷார்லமேன் செத்ததும் 814லதான், வருஷத்தைச் சும்மா போடல.) அடுத்து 1485, பால் லூதர்னு ஒரு துறவியா அதே சர்ச்சுக்கு வர்றீங்க, இப்ப அது இன்க்விசிஷன்னு மத விரோதிங்களைப் புடிச்சு விசாரிக்கறவங்க கையில இருக்கு. கீழ நிலவறையில இறங்கிப் போனா அங்க ஒரு பிணம் எழுந்து வருது. யாருன்னு உத்துப் பார்த்தா ஆந்தணி. அறுநூத்தி எழுபது வருஷமா அங்கயேதான் இருந்திருக்கான். நீங்க ஒரு காலத்துல ஓட வெச்ச பையனை இப்ப நீங்களே வெட்டிச் சாய்க்கணும். அப்புறம் 1916, முதல் உலகப்போர், அதே சர்ச் இப்ப காயம்பட்ட சிப்பாய்ங்க ஆஸ்பத்திரி, நீங்க பீட்டர் ஜேக்கப்னு ஒரு பத்திரிகை ரிப்போர்ட்டர். சொம் போர் நடந்தது ஆமியான் பக்கத்துலதான், அதனால வெளிய குண்டு விழற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு எந்தச் சுவத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியும், பீட்டருக்குத் தெரியாது. படுக்கையில முனகுற சிப்பாய்ங்களைத் தாண்டி அந்தப் படியில இறங்கும்போது கை நடுங்கினது எனக்கு எந்த வால்யூம் தந்திரத்தாலயும் வந்தது இல்ல.

பாலைவன நகரமும் இதே மாதிரிதான். 565ல காதலிக்காக ஒரு பொருளைத் தேடி வந்த கரீம்ங்கிற வாள்வீரன் அங்கயே காவல் ஆவியா நின்னுடறான். 1460ல வெனிஸ்ல இருந்து வந்த ஒரு கட்டடக் கலைஞனைச் சிறைபுடிச்சு வேலை வாங்கி, வேலை முடிஞ்சதும் உயிரோட குழியில தள்ளி, மனுஷ உடம்பாலயே கட்டின ஒரு தூணுக்குள்ள போட்டு மூடிடறாங்க. 1991ல குவைத் எண்ணெய்க் கிணறுங்க எரியும்போது அணைக்க வந்த கனடா தீயணைப்புக்காரன் ஒருத்தன் அங்க போய் விழறான். இவங்க யாரும் ஹீரோ இல்ல. பாதிப் பேருக்கு என்ன நடக்குதுன்னே புரியாது. ஒவ்வொருத்தரும் ஒரு துளி வேலை பண்ணிட்டு, பெரும்பாலும் கொடூரமா செத்துப்போறாங்க. அந்தத் துளி அடுத்த ஆள் கைக்குப் போறதுக்கு ஐநூறு வருஷம்கூட ஆகுது.

கம்போடியா அத்தியாயத்துல எல்லியான்னு ஒரு நடனக்காரப் பொண்ணு, வருஷம் 1150. கேம் அந்த இடத்தை அங்கோர் தோம்னு சொல்லுது. சரித்திரம் தெரிஞ்சவங்க இங்க மூக்கை நுழைப்பாங்க, அங்கோர் தோமைக் கட்டினது ஏழாம் ஜெயவர்மன், அது அந்த நூத்தாண்டோட கடைசியிலதான், 1150ல அங்கோர் வாட்தான் இருந்திருக்கும். போகட்டும். அந்தக் கோயிலுக்குள்ள மந்தொரோக்னு ஒரு தெய்வம் சங்கிலி போட்டுக் குத்திக் கட்டப்பட்டு அழுகிக்கிட்டு இருக்கு. அதோட இதயத்தை எல்லியா உடம்புக்குள்ள மறைச்சு வைக்கறாங்க, பயஸ் அவளைக் கொல்றான், ஆனா உள்ள இருக்கிற அது அவளைச் சாகவிடாது. அப்புறம் 1983ல லிண்ட்ஸேன்னு ஒரு தொல்லியல் ஆள் அங்க போறான், தோண்டற வேலைதான். மூலையில ஒரு வத்திப்போன உடம்பு கிடக்கும், கிட்டப் போனா அது பேசும். எட்டு நூத்தாண்டு அந்த இருட்டுல படுத்துக்கிட்டு, அந்த இதயத்தை வாங்கிக்க ஒரு ஆள் வருவான்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. அங்க ஜந்து பாயறது, மியூசிக் எகிறுறது எதுவும் கிடையாது. வாங்கிட்டதும் அவ உடம்பு அடங்கிடும், அவ்வளவுதான். நான் அன்னைக்கு கேமை நிறுத்திட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

கூடவே 1760ல அலெக்ஸோட முப்பாட்டன் மேக்ஸ், டாக்டர், அதே வீட்டுக்கு அடியில ஒரு நகரமே புதைஞ்சு கிடக்கிறதைக் கண்டுபுடிக்கறார். வேலைக்காரங்க உடம்புக்குள்ள எலும்பைத் திருடற ஒரு பூச்சி புகுந்திருக்கு, யாருக்குள்ள இருக்குன்னு வெளிய தெரியாது. அவர் எல்லாரையும் வெட்டிடறார். ஊர் நம்புமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரியில அடைச்சுட்டாங்க. அவர் அந்த ஜந்துங்களை அறுத்துப் பார்த்து எழுதின குறிப்பு ஒவ்வொண்ணா கிடைக்கும், அவர் குரல்லயே ஓடும், சாப்பிட்டுக்கிட்டே கேக்காதீங்க.

மந்திரம் பண்ற முறையையும் சொல்லியே ஆகணும், ஏன்னா இது நெருப்பு உருண்டை வீசற ரகம் இல்ல. எழுத்துக்களைப் பொறுக்கிச் சேர்த்து வாக்கியம் கட்டற மாதிரி. ஒரு எழுத்து செயல், ஒரு எழுத்து எது மேலங்கிறது, ஒரு எழுத்து எந்தத் தெய்வத்தோட கலர்ங்கிறது. 'காப்பாத்து', 'என்னை', 'சிவப்பு'ன்னு மூணும் சேர்ந்தா ஒரு கவசம். யாரும் சொல்லித்தராமலே நீங்களா எழுத்தைக் கோர்த்துப் பார்த்து புது மந்திரம் கண்டுபுடிக்கலாம். தரையில வட்டம் எரியும், கட்டைக் குரல்ல ஒவ்வொரு எழுத்தா யாரோ ஓதுவாங்க. வலுவான மந்திரம்னா வட்டம் பெருசாகும், 'பார்கான், பார்கான்'னு இழுத்துக்கிட்டே போகும், ஸோம்பி அதுக்குள்ள பாதி தூரம் வந்திருக்கும். மந்தொரோக்கை விட்டா தெய்வம் மூணு, கல்-காகிதம்-கத்திரிக்கோல் மாதிரி: சிவப்பு பச்சையை அடிக்கும், பச்சை நீலத்தை அடிக்கும், நீலம் சிவப்பை அடிக்கும். வர்ற ஜந்து என்ன கலர்னு பார்த்து அதுக்கு மேல இருக்கிற கலர்ல ஓதணும். சண்டையில தலை, கை, உடம்புன்னு தனித்தனியா குறி வைக்கலாம், ஸோம்பி தலையை எடுத்துட்டா அது கண்ணு தெரியாம கூட இருக்கிறதையே அடிக்கும்.

குறை இல்லாமலா? இருக்கு. புதிர் எல்லாம் ரொம்ப சுலபம், மந்திரம் கைவந்துட்டா பாதி சண்டை ஊதித் தள்ளிடலாம், நடை கொஞ்சம் கனமா இருக்கும். எல்லாத்தையும் விடப் பெரிய குறை, நல்லா ஆடறவனுக்கு சானிட்டி இறங்கவே இறங்காது, அப்போ கேமோட பாதி விருந்து இலைக்கே வராது. அதனால சொல்றேன், பச்சை மீட்டரை நிரப்பிக்கிட்டே இருக்காதீங்க, இறங்கட்டும் விடுங்க. சுத்தமா பூஜ்யமாச்சுன்னா அதுக்கப்புறம் உயிர் மீட்டர்ல கை வைக்கும், அதுக்கு முன்னாடி நிறுத்திக்கிட்டா போதும். ஆரம்பத்துல பயஸ் தொடற அந்தப் பொருள் மூணு கலர்ல இருக்கும், ஒண்ணை எடுக்கணும், எதுவும் விளக்கமாட்டாங்க. முதல் தடவைன்னா பச்சையை எடுங்க, புத்தியை உறிஞ்சற ஜந்துங்க அதுலதான் அதிகம். மூணு கலரையும் தனித்தனியா முடிச்சாத்தான் உண்மையான கடைசிக் காட்சி வரும், மூணாவது தடவை ஆடும்போது எனக்குமே கொட்டாவி வந்தது, ஆனா அந்தக் காட்சியைப் பார்த்ததும் மொத்தக் கதையையும் திருப்பிப் போட்டு யோசிக்க வேண்டியதாச்சு.

இவ்வளவு நல்ல கேம் ஏன் யாருக்கும் தெரியலைன்னா, நேரமும் இடமும் சரியில்ல. முதல்ல முந்தின பெட்டியான நின்டெண்டோ 64க்குப் பண்ண ஆரம்பிச்சு, அது பழசாகிப்போக கேம்க்யூப்புக்கு மாத்தி இழுத்தடிச்சு வந்தது. கேம்க்யூப் மொத்தமே கிட்டத்தட்ட 2.17 கோடிதான் வித்தது, போட்டியா இருந்த சோனியோட பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) அதைப் போல ஏழு மடங்கு. குழந்தைங்க பெட்டின்னு பேர் வாங்கினதுல பெரியவங்க கேம் விக்கணும், அதுலயும் அதே 2002ல அதே பெட்டியில ரெசிடென்ட் ஈவில் ரீமேக் வந்து உக்காந்துடுச்சு. விமர்சனம் எழுதினவங்க தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க, வித்தது அஞ்சு லட்சத்தைக்கூடத் தாண்டலைன்னு சொல்வாங்க. அப்புறம் சிலிக்கான் நைட்ஸ் 2004ல மெட்டல் கியர் சாலிட் ரீமேக் ஒண்ணு பண்ணாங்க, பிறகு எபிக் கேம்ஸ்ங்கிற இன்னொரு கேம் கம்பெனி மேல கேஸ் போட்டுத் தோத்து 2012ல 44.5 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு, 2014ல திவால். நடுவுல 2013ல பழைய ஆளுங்க சேர்ந்து இதோட வாரிசா ஒரு கேமுக்கு ஜனங்ககிட்ட பணம் திரட்டப் பார்த்தாங்க, தேறல. கேம் உரிமை நின்டெண்டோகிட்ட பூட்டிக் கிடக்கு.

எப்படி ஆடறதுன்னா, ஒரிஜினல் கேம்க்யூப் இல்லன்னா ஆரம்பக்கால வீ. மேல் பக்கம் மூடியைத் திறந்தா கேம்க்யூப் கண்ட்ரோலர் செருகற ஓட்டை இருக்கான்னு பார்த்து வாங்குங்க, பின்னாடி வந்த மாடல்ல எடுத்துட்டாங்க. வீ ரிமோட் இதுக்கு வேலை செய்யாது, கேம்க்யூப் கண்ட்ரோலர், மெமரி கார்டு ரெண்டும் தனியா வேணும். டிஸ்க் கையில இருந்தா அதுல இருந்து எடுத்து கம்ப்யூட்டர்ல டால்ஃபின் எமுலேட்டர்ல (கேம்க்யூப் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) ஓட்டறவங்களும் உண்டு. ஒரு தடவை முடிக்க பன்னண்டு பதினஞ்சு மணி நேரம். வீட்ல பசங்க முழிச்சிருக்கும்போது வேண்டாம், ரத்தம் மட்டும் பிரச்சனை இல்ல. மாடியில பாத்ரூம் தொட்டியைப் பார்த்தா அதுல ஒரு கண நேரம் வர்ற காட்சி, தற்கொலை விஷயத்துல மனசு நொந்தவங்களுக்கு ஆகாது, தெரிஞ்சே சொல்லி வைக்கறேன்.

இன்னொண்ணு. சேவ் பண்ணப் போகும்போது உங்க எல்லா சேவும் அழியுதுன்னு ஒரு திரை வரலாம். சும்மா உக்காந்து பாருங்க, ஒண்ணும் ஆகாது. மாமா பையன் முதல் தடவை அதைப் பார்த்து பாய்ஞ்சு போய் ப்ளக்கைப் புடுங்கினான். அழியாத சேவைக் காப்பாத்தப் போய், அதுக்கு முன்னாடி சேவ் பண்ணாம ஆடின ரெண்டு மணி நேரத்தை நிஜமாவே அழிச்சவன் அவன் ஒருத்தன்தான்.